மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது

ஜனவரி மாதத்து விடியற்காலை. கொடைக்கானல் ஏரியை ஒட்டிய புல்வெளி முழுக்க வெள்ளை. கீழ்பூமிப் பக்கம் நிறுத்தியிருந்த ஜீப்பின் கூரையில் விரலால் பெயர் எழுதலாம், அந்த அளவுக்கு உறைபனி. டீக்கடை அடுப்பருகே நான் கை காய்ந்துகொண்டிருந்தபோது, வில்பட்டியில் உருளையும் பீன்ஸும் போட்டிருக்கும் அண்ணன் ஒருவர் உள்ளே வந்தார். கருகிப்போன பீன்ஸ் கொடி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "பூமி சூடாகிறது, சூடாகிறது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினீர்களே சார், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி லேசுப்பட்டது இல்லை. 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் அவைக்குள் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற உறுப்பினர் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து காட்டி, ஏறக்குறைய இதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு உருண்டையை எறிந்தார். நம் அண்ணன் அவரைவிட ஒரு படி மேல். கேட்டுவிட்டு, ஒரு டீ சொல்லி, பதிலுக்காக உட்கார்ந்தார்.

"முந்தாநாள் இரவு பனி விழுந்ததா அண்ணே?" என்றேன்.

"இல்லை. மூட்டமாக இருந்ததே."

அதுதான் பதிலின் முதல் பாதி. மலையில் வெள்ளாமை செய்கிற எவருக்கும் இது தெரியும். மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது. வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது, அப்போதுதான் விழும். அதுவும் மேட்டில் விழாமல் பள்ளத்தில் விழும்.

ஏன் இப்படி? பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தரை, இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. அணைத்துவிட்ட அடுப்புக்கு எதிரே உள்ளங்கையைக் காட்டினால் தெரியுமே, அதே கதிர்தான். அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். மேலே மேகம் இருந்தால் அது இந்தக் கதிரை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இல்லாத இரவில் நிறைய வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடும். புல் நுனி மளமளவென்று குளிர்கிறது. ஆளுயரத்தில் தொங்கும் தெர்மாமீட்டர் நாலைந்து டிகிரி காட்டும்போதே, தரையில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போல வழிந்து போய்ப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டுக்காரர் தப்பிக்கிறார், பள்ளத்துக்காரர் பீன்ஸ் கொடியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வருகிறார்.

புவி வெப்பமாதலின் அடிப்படை இவ்வளவுதான். மேகம் ஓர் இரவில் செய்கிற வேலையை, நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் இரவும் பகலும், கண்ணுக்குத் தெரியாமல், உலகம் முழுவதும் செய்துகொண்டிருக்கின்றன. காற்றில் பெரும் பங்கு நைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான். அவை இந்தக் கதிரைப் பிடிப்பதில்லை. பிடிக்கிற வேலையைச் செய்வதெல்லாம் சிறுபான்மை வாயுக்கள். அவை இல்லாமல் போனால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்கும். இருப்பதோ சுமார் 15 டிகிரி. நிலாவும் சூரியனிலிருந்து நம்மளவு தூரத்தில்தான் இருக்கிறது. காற்று இல்லாததால் அங்கே பகலில் நூறு டிகிரிக்கு மேல், இரவில் மைனஸ் நூறுக்கும் கீழே.

இதைப் பசுமைக்குடில் விளைவு என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் மலையில் கொய்மலர் வளர்க்கிற பாலித்தீன் குடில் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உள்ளே சூடான காற்று வெளியே போக வழியில்லை என்பதுதான். வாயுக்கள் காற்றை அடைத்து வைப்பதில்லை, கதிரைத்தான் பிடிக்கின்றன. கம்பளி என்று சொல்லியிருந்தால் மலைக்காரனுக்கு உடனே புரிந்திருக்கும். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, உடம்புச் சூட்டைப் போக விடாமல் வைத்திருக்கிறது. ஆனால் பாடநூல் வைத்த பெயரை ஓய்வுபெற்ற வாத்தியார் மாற்ற முடியுமா?

புதிதாகக் கிளம்பிய பேச்சும் இல்லை இது. 1820களிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே, பூமியின் வெப்பம் காற்றுமண்டலத்தால் தடுக்கப்படுகிறது என்று எழுதினார். 1856ல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழல்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழல்தான் அதிகம் சூடாயிற்று, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. 1859ல் ஜான் டிண்டால் எந்தெந்த வாயு வெப்பக் கதிரைப் பிடிக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். அவர் பிற்பாடு சொன்ன ஒரு விஷயம் வில்பட்டி அண்ணனுக்காகவே சொன்னது போல இருக்கும்: இங்கிலாந்தின் காற்றில் உள்ள நீராவியை ஒரே ஒரு கோடை இரவுக்கு அகற்றிவிட்டால், உறைபனி தாங்காத செடி ஒன்றுகூட மறுநாள் மிஞ்சாது.

1896ல் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ரேனியஸ் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரு மடங்கானால் பூமி ஐந்தாறு டிகிரி சூடாகும் என்று கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பீட்டைவிட அது அதிகம். ஆனால் கணினி இல்லாத காலத்தில் திசையையும் ஏறத்தாழ அளவையும் பிடித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு இதில் கவலையே இல்லை. குளிர் நாட்டுக்காரர், கொஞ்சம் சூடானால் நல்லதுதானே என்று நினைத்தார்.

இரண்டாவது கம்பளி

உடனே எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்றால், இல்லை. ஒரு நல்ல மறுப்பு எழுந்தது. அதே சுவீடனைச் சேர்ந்த க்னூட் ஆங்ஸ்ட்ரோம் 1900 வாக்கில் சொன்னது இது: இருக்கிற கார்பன் டை ஆக்சைடே தன்னால் பிடிக்க முடிந்த கதிரையெல்லாம் பிடித்துவிடுகிறது, மேலும் சேர்த்தால் புதிதாக எதைப் பிடிக்கப் போகிறது? ஒரு கம்பளி போதுமானால் இரண்டாவது எதற்கு என்பது மாதிரி.

அரை நூற்றாண்டுக் காலம் பலரும் இதை நம்பினார்கள். பதில் 1950களில்தான் தெளிவாயிற்று. வெப்பம் கடைசியாக விண்வெளிக்குத் தப்புகிற இடம் தரையில் இல்லை. பல கிலோமீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் இருக்கிறது. வாயு கூடக் கூட அந்த இடம் இன்னும் மேலே நகர்கிறது. மேலே போகப் போகக் குளிரும் என்பதை வத்தலக்குண்டில் பஸ் ஏறிக் கொடைக்கானலில் இறங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த இடத்திலிருந்து கதிர் குறைவாகத்தான் வெளியேறும். வரவு அப்படியே இருக்க, செலவு குறைந்தால் கையிருப்பு ஏறும். பூமி சூடாகும். இரண்டாவது கம்பளி வீண் இல்லை; ஜனவரியில் இங்கே தங்கிப் பார்த்தவர்கள் சாட்சி.

இந்தக் கதையை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிவியல் விவாதம் எப்படி நடக்கும் என்பதற்கு இது நல்ல மாதிரி. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் மறுக்கிறார், அளக்கிறார்கள், யாரோ ஒருவர் தோற்கிறார். கையெழுத்து வேட்டையோ கூட்டமோ இல்லை.

அளவு என்று வந்தால் சார்லஸ் கீலிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1958ல் ஹவாய்த் தீவில், மௌனா லோவா மலையில், காற்றின் கார்பன் டை ஆக்சைடை அவர் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சம் பங்குக் காற்றில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. அண்டார்டிகாவின் பனிப்பாறையைத் துளைத்து எடுத்து, அதில் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் அது ஏறத்தாழ 300ஐத் தாண்டியதே இல்லை என்று தெரிந்தது.

"பத்து லட்சத்தில் நானூறு என்பது ஒரு அளவா?" என்று அண்ணன் கேட்டார். ஒரு குடம் பாலுக்கு எத்தனை ஸ்பூன் உறைமோர் ஊற்றுகிறோம் என்று டீக்கடைக்கார அம்மாவே பதில் சொல்லிவிட்டார். உவமையில் வேதியியல் சரியில்லை. சொன்ன கருத்தில் பழுதில்லை.

சரி, அந்த வாயு எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே? அதற்கும் அடையாளம் இருக்கிறது. உயிருள்ளவற்றில் கார்பன்–14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முழுக்கச் சிதைந்து தீர்ந்திருக்கும். அவற்றை எரித்தால் காற்றில் கார்பன்–14ன் பங்கு குறைய வேண்டும். குறைந்தது, 1950களிலேயே ஹான்ஸ் சூஸ் இதைக் காட்டினார். காற்றின் ஆக்ஸிஜனும், எதையோ எரித்துக்கொண்டிருக்கிறோம் என்ற கணக்குக்கு ஏற்ப மிகச் சிறிதாகக் குறைந்துகொண்டு வருகிறது. எரிமலை என்றால் ஆக்ஸிஜன் ஏன் குறைய வேண்டும்?

சூரியன்மேல் ஒரு சந்தேகம்

பூமி சூடாவதற்குச் சூரியனே காரணமாக இருக்கலாம் என்பது கேட்டவுடன் நியாயமாகப் படுகிற வாதம். இதற்குப் பதில் தேட நாம் அமெரிக்கா போக வேண்டாம். ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் மேலே ஏறினால் போதும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் நிறுவப்பட்டது. அதன் பின்னணியில் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணம் பட்ட பாட்டுக்குப் பிறகு, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா, மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி எழுந்தது. காலநிலையைப் புரிந்துகொள்ளும் ஆசையில் கட்டப்பட்ட கட்டடம் அது. 1909ல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறது. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்த கருவூலம் நம் ஊரில் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. கூடுதல் புள்ளி இருக்கும் காலத்தில் சூரியன் மிகச் சிறிதளவு பிரகாசமாக இருக்கும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை நேரடியாக அளக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் ஒளி கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருக்கிறது. அதே காலத்தில்தான் பூமி வேகமாகச் சூடாயிற்று.

இதைவிட அழகான சாட்சி ஒன்று உண்டு. சூரியன் காரணமென்றால் காற்றுமண்டலத்தின் கீழடுக்கு, மேலடுக்கு இரண்டும் சூடாக வேண்டும், பகல்கள் இரவுகளைவிட அதிகம் சூடாக வேண்டும். கம்பளி காரணமென்றால் கீழே சூடாகும், மேலே குளிரும், இரவுக் குளிர் விரைவாகக் குறையும். அளந்ததில் கிடைத்தது இரண்டாவது. உயரே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கு குளிர்ந்திருக்கிறது. உலகச் சராசரியில், இரவுகள் பகல்களைவிட அதிகம் சூடாகியிருக்கின்றன.

"காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்திருக்கிறது? அப்போது யார் கார் ஓட்டினார்கள்?" என்பது அடுத்த கேள்வி. மாறியிருக்கிறது, மறுப்பில்லை. அதற்கும் தமிழ்நாட்டு மலையே சான்று. நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளில் கருப்பாகச் சொதசொதவென்று ஒரு மண் இருக்கும். செத்த தாவரங்கள் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது அது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் மற்ற ஆய்வாளர்களும் அந்த அடுக்குகளின் கார்பனை ஆராய்ந்து 1993ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சோலை மரங்கள் விட்டுப்போகும் கார்பனும், வறண்ட காலத்தில் பரவும் புல்வகைகள் விட்டுப்போகும் கார்பனும் வேறு வேறு கைரேகை கொண்டவை. அதைக்கொண்டு 20,000 ஆண்டுக்கால ஈரத்தையும் வறட்சியையும் படித்தார்கள். பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி, பின்னர் மழை வலுத்த காலம் என்று மலை மாறி மாறி வந்திருக்கிறது.

அந்த மாற்றங்களுக்கும் காரணங்கள் இருந்தன. பூமியின் பாதையிலும் சாய்விலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஏற்படும் ஊசலாட்டம் முக்கியமானது. முன்பு காட்டுத்தீ இடியால் பற்றியது என்பதால், இன்று வழிப்போக்கன் எறிந்த பீடியால் பற்றாது என்று ஆகிவிடுமா? தவிர, வேகத்தைப் பார்க்க வேண்டும். பனியுகத்திலிருந்து வெளியேறப் பூமி ஐந்தாறு டிகிரி சூடானது, அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போது நூற்றைம்பது ஆண்டுக்குள் ஒரு டிகிரிக்கு மேல். 2024ஆம் ஆண்டின் சராசரி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது.

"தெர்மாமீட்டரைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது, தார்ச்சாலையும் சிமெண்ட்டும் சூட்டைக் கூட்டிக் காட்டுகின்றன" என்ற ஐயமும் இருந்தது. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லருக்கு இந்த ஐயம் பலமாகவே இருந்தது. பெர்க்லி எர்த் என்ற குழுவை அமைத்து, எல்லாப் பதிவுகளையும் தாமே புதிதாகக் கணக்கிட்டார். வெப்பமாதலை மறுப்பவர்களுக்கு ஆதரவளித்த கோக் குடும்ப அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்திருந்தது. முடிவு? மற்றவர்கள் வரைந்த கோட்டின்மீதே இவர் கோடும் போய் விழுந்தது. 2012ல், தான் மனம் மாறிவிட்டதாகவும், வெப்ப உயர்வுக்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்களே என்றும் வெளிப்படையாக எழுதினார். பொதுவாழ்வில் இப்படித் தன் தவற்றைத் தானே அச்சில் ஏற்றுகிறவர்கள் குறைவு.

ஆக, டீக்கடையின் முதல் கேள்விக்குப் பதில்: ஒரு நாள் குளிர் வானிலை. முப்பது ஆண்டுச் சராசரி காலநிலை. எதிர்ப்பக்கத்துக்கும் இது பொருந்தும் என்பதை நாம் மறக்கக் கூடாது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் 29 டிகிரி பதிவாகி, ஊட்டியா இது என்று எல்லோரும் வாய் பிளந்தோம். அந்த ஒரு நாளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து நானும் வாதாட முடியாது.

உண்மையிலேயே தெரியாதவை

விஞ்ஞானிகள் எதிலும் சண்டை போடுவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய சண்டை மேகத்தைப் பற்றியது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு ஒரு தனி சந்தோஷம். மேகத்துக்கு இரட்டை வேடம். இரவில் கம்பளி, பகலில் குடை. வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும், வெப்பத்தைப் பிடித்துச் சூடாக்கும். பூமி சூடானால் தாழ்வான மேகங்கள் கூடுமா, குறையுமா? இதைப் பொறுத்துத்தான் மொத்தக் கணக்கும் மேலும் கீழும் ஆடுகிறது.

கார்பன் டை ஆக்சைடு இரு மடங்கானால் எவ்வளவு சூடாகும் என்பதற்கு, 1979ல் ஜூல் சார்னி தலைமையிலான அமெரிக்கக் குழு 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்று அகலமான பதிலைத்தான் சொல்ல முடிந்தது. ஐ.நா. சார்பில் 1988ல் அமைந்து, உலகின் காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.பி.சி.சி. குழு 2021ல் அதைச் சுருக்கி, பெரும்பாலும் 2.5 முதல் 4 வரை, நெருக்கமான மதிப்பு 3 என்றது. நாற்பது ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் அந்த வரம்புக்குள் பூஜ்யம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய புதிர் ஒன்றும் இருக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியா சுமார் 0.7 டிகிரிதான் சூடாகியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. உலகச் சராசரியைவிடக் குறைவு. நம் புகையும் தூசும் வெயிலின் ஒரு பகுதியை மறைத்ததும் இதற்கு ஒரு காரணம். காற்றைச் சுத்தப்படுத்தினால் நுரையீரல் பிழைக்கும், மறைந்திருந்த சூடு வெளிப்படும். இந்த முடிச்சை யாரும் இன்னும் சரியாக அவிழ்க்கவில்லை.

புயல் மழையிலும் இப்படித்தான். 2018 நவம்பரில் கஜா வந்தபோது இந்த மலையில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இவை புவி வெப்பமாதலால் வந்தவையா? கேள்வியை இப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைச் சுமக்க முடியும். அதனால் பெய்யும்போது பேய்மழையாகப் பெய்யும் வாய்ப்புக் கூடுகிறது. இது உறுதியான இயற்பியல். புயல்களின் எண்ணிக்கை கூடுமா என்பதில் அவ்வளவு உறுதி கிடையாது. செய்தி அலைவரிசைகள் இரண்டையும் ஒரே குரலில் சொல்கின்றன.

ஒன்றரை டிகிரிக்கா இத்தனை கூப்பாடு என்று கேட்பவர்களுக்கு மலைக்கணக்கு ஒன்று சொல்வேன். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஒன்றரை டிகிரி என்பது ஏறக்குறைய 230 மீட்டர் உயரம். பழைய குளிரைத் தேடி ஒரு செடியோ பறவையோ அவ்வளவு மேலே ஏற வேண்டும். மலைவாழைக்கு மேலே இடம் இருக்கிறது. உச்சிப் புல்வெளியில் நிற்கிற வரையாட்டுக்கு? பழனி மலையின் மிக உயர்ந்த இடமே சுமார் 2,500 மீட்டர்தான். அதற்கு மேல் ஆகாயம்.

யார் பணம் கட்டுவது?

இதுவரை சொன்னது தெர்மாமீட்டரால் தீர்க்கக்கூடிய விவாதம். இன்னொன்று இருக்கிறது. யார் எவ்வளவு குறைப்பது, யார் செலவை ஏற்பது என்பது. எந்தக் கருவியாலும் இதை அளக்க முடியாது. தந்திரசாலிகள் எல்லாம் செய்தது, இந்த இரண்டையும் குழப்பியதுதான். பணம் கட்டப் பிடிக்காதவர்கள் பில்லே பொய் என்றார்கள்.

எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் கடைசியிலிருந்தே செய்து வைத்த கணிப்புகள், பிறகு நடந்ததோடு நன்றாகப் பொருந்தின என்று 2023ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக்குள் கணக்குச் சரியாக இருந்தது, வெளியே பல ஆண்டுகள் ஐயம் விதைக்கப்பட்டது.

மறுபக்கமும் கைசுத்தம் என்று சொல்ல மாட்டேன். இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.பி.சி.சி.யின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி நுழைந்துவிட்டது. சரியான ஆதாரம் இல்லாத வரி. இந்திய விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். 2010 ஜனவரியில் தவறு என்று குழுவே ஒப்புக்கொண்டது. பனிப்பாறைகள் உருகுவது உண்மை, அந்த ஆண்டு மட்டும் உண்மை இல்லை. அந்த ஒரு வரியை வைத்து முழு அறிக்கையையும் தூக்கி எறியப் பார்த்தவர்கள் ஏராளம்.

இந்திய வாதம் தனி ருசி உடையது. 1991ல், தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். அமெரிக்காவில் ஒருவர் சொகுசுக்கு ஓட்டும் காரின் புகையும், வங்காளத்து உழவர் பிழைப்புக்கு வைத்திருக்கும் நெல்வயலின் மீத்தேனும் ஒரே தராசிலா? அதே ஆண்டில் ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் வயல்களில் இறங்கி அளந்தார்கள். இந்திய நெல்வயல்களிலிருந்து வருவதாக வெளிநாட்டு மதிப்பீடு சொன்ன மீத்தேனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உண்மையில் வந்தது. அளவுகோலிலும் அரசியல் புகும் என்பதற்கு இது சாட்சி. அதைத் திருத்தவும் இன்னும் நல்ல அளவுதான் உதவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தவை சுருக்கமாக. 1992ல் ரியோவில் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. உடன்படிக்கை. 1997ல் கியோட்டோ: பணக்கார நாடுகள் முதலில் குறைக்க வேண்டும். அமெரிக்க செனட் அந்த ஆண்டே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தத்தில் சேரக் கூடாது என்று 95க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. 2015ல் பாரிஸ்: ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே சொல்லலாம். அமெரிக்கா அதிலிருந்து 2020ல் வெளியேறி, 2021ல் திரும்பி, 2025 ஜனவரியில் மறுபடியும் வெளியேறுவதாக அறிவித்தது. 2021ல் கிளாஸ்கோவில் இந்தியா 2070க்குள் நிகர உமிழ்வை, அதாவது விடுகிற வாயுவில் திரும்ப உறிஞ்சப்படுவது போக மிஞ்சுவதை, பூஜ்யமாக்குவதாகச் சொன்னது. நிலக்கரியை ஒழிப்போம் என்ற சொல்லைக் குறைப்போம் என்று மாற்றவும் வைத்தது. 2024ல் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஏழை நாடுகள் காலநிலைச் செலவுக்காக ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிந்தது. இந்தியப் பிரதிநிதி அதை ஏற்க முடியாது என்று அவையிலேயே சொன்னார்.

தொழிற்புரட்சி முதல் இன்றுவரை எரிபொருள் வழியாகக் காற்றில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. இந்தியாவின் பங்கு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இன்று ஓர் ஆண்டுக்கு ஓர் இந்தியர் சராசரியாக விடுவது 2 டன் அளவு, அமெரிக்கர் சுமார் 14 டன். இதைக் கேட்டவுடன் நமக்குக் கோபம் வருகிறது, வர வேண்டும். ஆனால் அந்த 2 டன் சராசரிக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறோம் என்பதும் ஒரு கேள்வி. வில்பட்டி அண்ணனிடம் கார் இல்லை. வார இறுதியில் மலைச்சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் கார்களின் சொந்தக்காரர்களும், அவரும், நானும் ஒரே சராசரிக்குள்தான் இருக்கிறோம்.

மரம் நட்டுக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்கிறவர்களுக்கு மட்டும் இந்த மலையிலிருந்து ஒரு சொல். எங்கள் உச்சிகள் பலவும் ஆதியில் புல்வெளிகள். குறிஞ்சி பூக்கிற இடம். புல்வெளி தன் கார்பனை மண்ணுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறது. அங்கே சீகையையும் தைலமரத்தையும் நட்டு, புல்வெளி போய், இப்போது சீகையைப் பிடுங்கத் தனியாகச் செலவு செய்கிறோம். எங்கே நடுவது என்று தெரியாமல் நட்டதன் விலை அது.

அண்ணன் இரண்டாவது டீயையும் முடித்துவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மேற்கே கொஞ்சம் மேகம் திரண்டிருந்தது.

"அப்படியென்றால் இன்று இரவு விழாதா?"

"மூட்டம் நின்றால் விழாது" என்றேன்.

"நின்றால்தானே" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் பாத்திக்கு வைக்கோல் வாங்கப் போனார்.